ஆட்டிப் பார்த்தே வாங்குகிறவள்

கோரிப்பாளையத்தில் நாட்டுக்கோழி முட்டை விற்ற இருளாயிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்காமல் ஒரு முட்டைகூட வாங்கியதில்லை. "எல்லாம் நல்ல முட்டைதான்" என்று கூடையை நீட்டுகிறவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். "இதுல நாலு கூமுட்டை கெடக்கு" என்று தானே எடுத்து வெளியே வைக்கிறவனிடம்தான் வாங்குவாள். கட்டின புருஷன் முத்திருளன் சொல்லையும் அவள் ஆட்டிப் பார்த்துத்தான் எடுப்பாள். பாவம், அவனும் பழகிவிட்டான்.

தொண்ணூற்றேழில் தலைப்பிரசவம். வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று சொல்லி அவளை அவசரமாக ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். "ஒண்ணும் ஆகாது" என்றான் முத்திருளன். நர்ஸும் அதையே சொன்னாள். இத்தனை பேர் சொல்கிறார்கள் என்றால் என்னவோ ஆகப்போகிறது என்று முடிவு கட்டினாள் இருளாயி.

மேசையில் தலைமாட்டை உயர்த்தினார்கள். வலது இடுப்புக்கடியில் துணிச்சுருளைச் செருகி, உடம்பை இடப்பக்கமாகச் சாய்த்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வசுந்தரா ஆக்ஸிஜன் மாஸ்க்கை முகத்தருகே கொண்டுவந்ததும், இருளாயி அதைத் தட்டிவிட்டாள்.

"சாகக் கெடக்குறவகளுக்குத்தான இத வைப்பீக? எங்கய்யாவுக்கும் இப்படித்தான் தலைய ஒசத்தி மாட்டுனாக. பொழுது சாயல, போயிட்டாரு. எங்கிட்ட எத மறைக்கிறீக?"

நர்ஸ் அவள் கையைப் பிடிக்க வந்தாள். வசுந்தரா தடுத்துவிட்டார்.

"மறைக்கலம்மா. மயக்கம் குடுத்ததும் ஒன் மூச்சு நின்னுரும். தொண்டையில நான் குழாய் போடுற வரைக்கும், நெஞ்சுல சேத்து வச்ச ஆக்ஸிஜன்லதான் நீயும் புள்ளையும் இருக்கணும். மாசமா இருக்கறவங்களுக்கு அது சீக்கிரம் தீந்துரும். தலை ஒசரமா இருந்தா கூடக் கொஞ்சம் சேரும். மல்லாந்து படுத்தா வயிறு ரத்தக்குழாய அமுக்கி, புள்ளைக்கு ரத்தம் குறையும். அதான் சாய்ச்சிருக்கு. நல்லா இழுத்து மூச்சு விடு. நேரமில்ல."

மூச்சு நின்றுவிடுமாம். அன்று முழுக்க ஒருத்தரும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. கூமுட்டையைத் தானே எடுத்து வெளியே வைக்கிற ஆள் இது என்று இருளாயிக்குப் பட்டது. மாஸ்க்கைத் தானே இழுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். பிள்ளைக்கும் சேர்த்து இழுத்தாள்.

கண் விழித்தபோது முத்திருளன் பக்கத்தில் நின்றான். "பொம்பளப்புள்ள. நல்லா இருக்கு" என்றான்.

"இங்க கொண்டாங்க."

துணியில் சுற்றிய பிள்ளையை வாங்கிக் காதோரம் கொண்டுபோனாள்.

"ஏத்தா, ஆட்டிப்புடாத" என்று பதறினான் முத்திருளன்.

அவள் ஆட்டவில்லை. சின்ன மூக்கிலிருந்து வந்த மூச்சு காதில் பட்ட பிறகுதான் அழுதாள்.