ஆளுக்கொரு பாடம்

திருத்தணிக்கு வந்த முதல் வாரத்தில் எந்தப் பாடத்தையும் நான் ஒரு தடவையோடு முடிக்கவில்லை. காரணம் "ஆங்" என்ற ஒரு சொல். பாடத்தைச் சொல்லிவிட்டுப் புரிந்ததா என்று கேட்பேன். பிள்ளைகள் ஒரே குரலில் "ஆங்!" என்பார்கள். ரங்கூனில் எங்கள் வீட்டில், சொன்னது காதில் விழாவிட்டால்தான் அப்படிக் கேட்போம். பாவம், விளங்கவில்லை போலும் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். கடைசியில் தலைமை ஆசிரியர் தேவசகாயம் ஐயா தம் வகுப்பை விட்டு எழுந்து வந்தார். "டீச்சர், பசங்க ஆமான்னுதான் சொல்லிகினு கீறாங்க. இன்னும் எத்தினி தபா சொல்லுவீங்க?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அத்தனை பேருக்கும் எப்படி ஒரே சமயத்தில் புரியும் என்ற சந்தேகம் மட்டும் எனக்கு அன்றே வந்துவிட்டது.

யுத்தத்தில் ரங்கூனை விட்டுச் சிதறிய நம்மவர்களுக்கும், இப்போது அங்கே திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். குண்டு விழத் தொடங்கியதும் அப்பா என்னையும் அம்மாவையும் கப்பலேற்றிவிட்டு, அரிசி ஆலை வேலையை விட முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். மதராஸில் இறங்கிய எங்களுக்கு ஊர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்ததால் மிஷன்காரர்கள் திருத்தணிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். கீழ் வகுப்புகள் என் பொறுப்பு. ஜன்னல் வழியே பார்த்தால் மலை மேல் கோயில் தெரியும். கிருத்திகை நாளில் காவடிச் சத்தத்தில் பாடம் காதில் விழாது.

இரண்டாம் வகுப்பில் மங்கம்மா என்று ஒரு பெண். ஒன்பது வயது. அதே வகுப்பில் அது அவளுக்கு மூன்றாவது வருஷம். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா வண்டி ஓட்டும் வெங்கடேசுவின் மகள், வீட்டில் தெலுங்கு. புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஒருநாள் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நாக்கு தெலீது" என்றாள். நாக்கில் ஏதோ புண் என்று நினைத்து, "எங்கே, நீட்டு பார்க்கலாம்" என்றேன். அவளும் நீட்டினாள். வகுப்பே உருண்டு சிரித்தது. எனக்குத் தெரியாது என்பதைத்தான் தெலுங்கில் அப்படிச் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. தெரியாது என்று சொன்னால் பிரம்படி விழும் என்பதால், சொந்தப் பாஷையில், வாய்க்குள் முணுமுணுத்திருக்கிறாள்.

மறுவாரம் வெங்கடேசு ஜட்காவை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். "டீச்சரம்மா, மூணு வருசமா ஒரே புக்க எட்துகினு வந்துகினு கீது. இந்தத் தபாவும் பாஸ் ஆவலன்னா நிறுத்திடறேன். ஊட்ல சின்னது ரெண்டு கீது, அதுங்களப் பாத்துகினு இருக்கட்டும்" என்றார். கோபம் இல்லை; அலுப்புதான். பரீட்சை வரைக்கும் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அன்று முழுவதும் என் பழைய சயாமாவின் நினைவாகவே இருந்தது. பர்மிய மொழியில் ஆசிரியையைச் சயாமா என்போம். கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு வருவார். அவர் வகுப்பில் பர்மியர், சீனர், குஜராத்தி, தமிழர் என்று எல்லோரும் இருந்தோம். யாருக்கும் யார் பேச்சும் முழுதாக விளங்காது. அதனால் அவர் எல்லோருக்கும் சேர்த்துப் பாடம் சொன்னதே இல்லை. ஒரு மீனைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். உன் வீட்டில் இதை எப்படிச் சொல்வாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அந்தச் சொல்லையே அவரவர் பலகையில் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுப்பார். பர்மிய எழுத்தில் நான் முதன்முதல் எழுதிய சொல் தமிழ்ச் சொல்தான்.

இதைத் தேவசகாயம் ஐயாவிடம் சொன்னபோது அவர் பயந்துபோனார். "ஆளுக்கொரு பாடம் நடத்துனா, இன்ஸ்பெக்டர் வந்து செகண்ட் கிளாஸ் எங்கன்னு கேப்பாரு. நான் இன்னாம்மா பதில் சொல்றது?" என்றார். நான் விடவில்லை. காலையில் வழக்கம்போல் ஒப்பித்தல், மத்தியானம் என் இஷ்டம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். யுத்தக் காலம், காகிதம் கிடையாது. ஆனால் மலையில் கல்யாணத்துக்குக் குறைவில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்தார்கள். பின்பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் வேண்டியதை எழுதினேன். கணக்கில் முந்தியவனுக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு; எழுத்து வராதவளுக்கு எழுத்து.

மங்கம்மாவிடம், "உங்கள் வீட்டில் மாடு உண்டா? என்னவென்று சொல்வாய்?" என்று கேட்டேன். "ஆவு" என்றாள். தமிழ் எழுத்தில் எழுதினேன். இரண்டே எழுத்து. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாலு; வீட்டுக்கு இல்லு, அப்பாவுக்கு நைனா. தன் அப்பாவைத் தானே எழுதிவிட்ட அன்று பலகையைத் துடைக்க மறுத்து, பாவாடையில் பட்டு அழியாமல் தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பாலுவிலிருந்து பாலுக்கு வர ஒரு நாள்கூட ஆகவில்லை.

ஆனால் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ரங்கூன்காரி தெலுங்கு நடத்துகிறாள் என்று சிலர். எங்கள் பாஷையைத் தமிழில் எழுதிக் கெடுக்கிறாள் என்று வேறு சிலர். இரண்டு பக்கமும் புகார் எழுதின. தமிழும் தெலுங்கும் கலந்த எல்லை ஊரில் அவை ஒத்துப்போன ஒரே விஷயம் நானாகத்தான் இருக்கும். வேலை போனால் அம்மாவை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டெபுடி இன்ஸ்பெக்டர் ஒரு மத்தியானம் சொல்லாமல் வந்து நின்றார். அறையில் ஒருவன் கணக்குப் போடுகிறான், இருவர் எழுத்துச் சீட்டுகளை அடுக்குகிறார்கள், ஒருத்தி கதை படிக்கிறாள். "இதற்கு யார் அனுமதி கொடுத்தது?" என்றார். நான் வாயைத் திறக்குமுன், "நான்தானுங்க பண்ணச் சொன்னேன்" என்றார் தேவசகாயம் ஐயா. ஓய்வுக்கு அதிக நாள் இல்லாத மனிதர். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் என் ஜெபத்தில் அவர் பெயர் உண்டு.

இன்ஸ்பெக்டர் தம் பையிலிருந்த செய்திப் பத்திரிகையை மங்கம்மாவிடம் நீட்டினார். அவளுக்கு அது மனப்பாடமான பக்கம் அல்ல. எழுத்தெழுத்தாகக் கூட்டி இரண்டு வரி படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்து, "இந்த ஒண்ணு தெரியலீங்க. மேல கீறதெல்லாம் படிச்சிட்டேன்" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தெரியாதென்று தைரியமாகச் சொல்கிற குழந்தையை நான் எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை" என்றார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லை அவரே சொல்லிக்கொடுத்தார். மத்தியான ஏற்பாடு ஒரு வருஷம் நடக்கட்டும், காலை வகுப்பில் கை வைக்க வேண்டாம் என்று உத்தரவானது. அரை வெற்றிதான். ஆனால் மங்கம்மா பாஸானாள். வெங்கடேசு அவளை ஜட்காவில் முன்னால் உட்கார வைத்துத் தேர் மாதிரி ஊர் சுற்றினார்.

சுதந்திரம் வந்து, பாடத்திட்டத்தை மாற்றுகிறார்கள். குழந்தையின் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் கொண்டே பாடம் தொடங்க வேண்டும் என்று மேலிடமே இப்போது எழுதுகிறது. தேவசகாயம் ஐயா ஓய்வு பெற்றுப் பொதட்டூர்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். செய்தியைச் சொல்லப் போனேன். "அப்ப காலையிலும் பண்லாமா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். பண்ணலாம் ஐயா என்றேன்.

அப்பா பிழைத்திருக்கிறார். அம்மா அவரிடம் கப்பலேறிவிட்டாள். நீயும் வா, இங்கே பள்ளிகளைத் திறந்துவிட்டார்கள் என்கிறார் அப்பா. சயாமாவின் வகுப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் போய்விடலாம் போலிருக்கிறது. காலையில் மணி அடித்ததும் அந்த எண்ணம் எங்கோ போய்விடுகிறது.

எங்கள் வகுப்பில் மதராஸ் மாகாணப் படம் ஒன்று தொங்குகிறது. அது கரையோரக் கடலோடு முடிந்துவிடுகிறது. ரங்கூன் எங்கே என்று பிள்ளைகள் கேட்டதற்கு, படத்துக்கு வெளியே, வெறும் சுவரில் கரித்துண்டால் ஒரு புள்ளி வைத்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது புள்ளி மறைந்துபோகும். அந்த வருஷத்துப் பிள்ளைகளில் யாராவது மறுபடி வைப்பார்கள், சற்று முன்னே பின்னே. நான் திருத்துவதில்லை. இந்த வருஷம் ரங்கூன் ஜன்னலை ஒட்டி வந்திருக்கிறது. அங்கே நின்று எட்டிப் பார்த்தால் திருத்தணி மலை தெரிகிறது.