கழுத்துவரை மணல்

இலங்கையில் போர் முடிந்த மாதம். வன்னிக் கடற்கரையில் என் தம்பி குடும்பத்தோடு செத்த செய்தி வந்திருந்தது. உடல்களில்லாமல் செத்தவீடு எப்படி வைப்பது? அதனால் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த வோபர்னில் எங்கள் அயலவர் யாருக்கும் தெரியாது.

அடுத்த அப்பார்ட்மென்டில் இருந்த சென்னைக்காரி வித்யா, கிரேக்கத் தீவொன்றுக்குப் போய்வந்த படங்களைக் காட்ட வந்தாள். இடிந்த பழைய கோயில்கள், நீலக் கடல் என்று காட்டிக்கொண்டே வந்தவள், ஒரு படத்தில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"பாருங்கக்கா, எங்க வீட்டுக்காரரைக் கழுத்து வரைக்கும் மணல்ல புதைச்சிட்டோம்!"

நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கலாம்.

"என்ர தம்பியும் பிள்ளையளும் கடற்கரை மணலுக்கைதான் பங்கர் வெட்டி இருந்தவை," என்றேன். "ஷெல் விழ, மணல் அப்பிடியே மூடிப்போட்டுது. தலைகூட வெளியில தெரியேல்லையாம்."

"ஐயோ, எனக்குத் தெரியாதுக்கா..." வித்யா தேம்பித் தேம்பி அழுதாள்.

அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைக்க ஒரு ரிஷ்யூகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

செய்தி வந்த பிறகு நான் முதன்முதலாக நிம்மதியாக உறங்கியது அன்றுதான். அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.