ராசாத்தி சைக்கிளும் இல்லாத சென்றியும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நீண்ட தூரப் போட்டிக்கு எந்தச் சைக்கிள் வாங்கலாம் என்று போன பதிவின் கீழ் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு அனுபவமுள்ளது ஒரேயொரு பிராண்டுதான். பெயர் ராசாத்தி. உலகத்தில் மொத்தம் நான்குதான் செய்யப்பட்டன. அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டுதான், யுத்தம் கொஞ்சம் மூச்சுவிட்டிருந்த சமாதானப் பேச்சுக் காலத்தில், கல்லடியிலிருந்து பாசிக்குடா வரை போட்டிக்குப் போனேன்.

ராசாத்தியைச் செய்தவர் பொன்னுத்துரை அண்ணன். நாவற்குடாவில் என் வாடகை அறைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பழைய பிரேம்களை வெட்டி ஒட்டி, புது ரிம் போட்டு, மனைவியின் பெயரை மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்தார். அக்காவுக்கு இதில் பெருமையா கோபமா என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

உதவி நிறுவனமொன்றில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி பள்ளிப் பிள்ளைகளுக்கு அறுபது சைக்கிள் வாங்க இருந்தார். பெயர்பெற்ற பிராண்டுகளின் விலை கட்டுப்படியாகவில்லை. அவர் தன் நாட்டில் இப்படியான போட்டிகளில் ஓடியவராம். ஆகவே யாருக்கும் தெரியாத பிராண்டுகளை மோதவிட்டு, வெல்வதை வாங்குவதென்று முடிவெடுத்தார். ராசாத்தியோடு ஏறாவூர்க் கடையொன்றின் சைக்கிளும், கொழும்பு வியாபாரி ஒருவர் இறக்கிய சைக்கிளும் வந்தன. பொன்னுத்துரை அண்ணனுக்கு அப்போது கட்டார் விசா வந்திருந்தது. அறுபது சைக்கிள் ஓடர் கிடைத்தால் போவதில்லை என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, அந்த மனிதர் ஊரில் இருப்பதா இல்லையா என்பது என் முழங்காலைப் பொறுத்த விஷயமாகிவிட்டது.

காலை 6.00 மணி, கல்லடி. வாவியில் ஒரு கிலோமீற்றர் நீச்சல். வாவியில் அந்தப் பக்கம் பாதித் தூரம் நெஞ்சளவு தண்ணீர்தான். கொழும்புச் சைக்கிளுக்கு வந்த இளைஞன் முறையாக நீந்தினான். நான் நீந்துவதுபோல் கையை வீசிக்கொண்டு நடந்தேன். தோணியில் வந்த நடுவர் பெரிய மனது பண்ணி மறுபக்கம் பார்த்துக்கொண்டார். அப்படியும் ஐந்து நிமிடம் பிந்தித்தான் கரையேறினேன்.

அடுத்தது சைக்கிள், 35 கிலோமீற்றர். ராசாத்தி காற்றாகப் பறந்தாள். ஏறாவூர்க்காரர் ஏறாவூரில் சொந்தக்காரர்களிடம் அகப்பட்டு, தேநீரோடு போட்டியை முடித்துக்கொண்டார். வந்தாறுமூலையில் கொழும்புக்காரனைப் பிடித்தேன். சித்தாண்டி தாண்டும்போது அரைக் கிலோமீற்றர் முன்னால் இருந்தேன்.

அந்தக் காலத்தில் சென்றி, அதாவது இராணுவக் காவலரண், வந்தால் சைக்கிளால் இறங்கி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, அந்தப்பக்கத்து மரம் வரை உருட்டிப் போகவேண்டும். வழியிலிருந்த மற்றச் சென்றிகளில் இருவருமே இறங்கினோம், யாருக்கும் நட்டமில்லை. சந்திவெளிச் சென்றியை மட்டும் இரண்டு கிழமைக்கு முன் எடுத்துவிட்டார்கள். காலையில் பொன்னுத்துரை அண்ணன் இரண்டு தரம் சொல்லியனுப்பினார், அங்கே இறங்காதே என்று.

நான் இறங்கினேன். பழைய சென்றியின் தார்ப் பீப்பாய் நின்ற அடையாளம் கண்ணில் பட்டதுதான், கால் தானாகத் தரைக்கு வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினேன். ஈரப் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். சென்றி இருந்த இடத்தில் ஒரு மாடு படுத்திருந்தது. அதற்கு அட்டையைக் காட்டிவிட்டு, மரியாதையாக உருட்டத் தொடங்கினேன். கொழும்புக்காரன் மணியடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனான்.

பின்னாலிருந்து பொன்னுத்துரை அண்ணனின் குரல். தன் சைக்கிளின் பின் கரியலில் காற்றுப் பம்பைக் கட்டிக்கொண்டு எனக்குத் துணையாக வந்துகொண்டிருந்தவர்.

"ஏறு மனே, ஏறு. சென்றி இல்லெண்டு சொன்னன் எலுவா?"

திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் சைக்கிள், மறு கையில் அடையாள அட்டை. ஏசிக்கொண்டே உருட்டிக்கொண்டு வருகிறார்.

"அண்ணன், நீங்க ஏன் இறங்கின?"

அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். அதற்குப் பிறகும், சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பேரும் மரம் வரை உருட்டித்தான் போனோம்.

பாசிக்குடாவில் கடைசி ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தையும் முடித்தபோது மூன்று நிமிடம் பிந்தியிருந்தேன். ராசாத்தியில் ஒரு கம்பிகூட வளையவில்லை. அறுபது சைக்கிள் ஓடரும் கொழும்பு வியாபாரிக்குப் போனது. வெட்கத்தில் பொன்னுத்துரை அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியாமல் மணலில் இருந்தேன். அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"உன்னில பிழையில்ல மனே. நான் ஓடியிருந்தாலும் தோத்திருப்பன்."

அடுத்த மாதம் கட்டார் போனார்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: விடிய ஆறு மணிக்கே வெளிக்கிடுங்கள், ஒன்பதுக்குப் பிறகு வெயில் தாங்காது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். கல்லடியில் நீந்துவதென்றால் மீனவர்களிடம் ஆழம் கேட்டுவிட்டு இறங்குங்கள். சைக்கிள் எந்தப் பிராண்டாக இருந்தாலும் பரவாயில்லை. சந்திவெளியில் இப்போது யாரும் மறிக்கமாட்டார்கள். எங்களுக்கும் சேர்த்து, இறங்காமல் மிதித்துப் போங்கள்.