சைக்கிளை விட்டு இறங்காதவன்

ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே அப்போது ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. ஒருநாள் மதியம் நான் அங்கே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். பெஞ்சியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தெருவில் போன ஒரு சீனக் கிழவரின் நடையை ஒருவன் நடித்துக் காட்ட, மற்ற இருவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். தட்டிய தட்டலில் தண்ணீர்க் குவளை உருண்டு பக்கத்து ஆளின் வேட்டி நனைந்தது. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேட்டி நனைந்தவர் பையன்களைத் திட்டவில்லை. கடைக்காரரைப் பார்த்து, "இதுங்களச் சொல்லி என்ன பாய்? பெத்து விட்டிருக்கான் பாருங்க, அவன நிக்க வெச்சுக் கேக்கணும்," என்றார்.

"அப்பன் ஆத்தா சரியா இருந்தா புள்ளைங்க ஏன் இப்பிடி ஆவுது?" என்றார் கடைக்காரர்.

கடையில் இருந்த நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். நான் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். பிள்ளை செய்ததற்கு அப்பனை நிற்க வைத்துக் கேட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை நான்தான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே நாலைந்து மைல் நடந்தால் எங்கள் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து கிடந்தது. பல தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் வேலையில் இருந்தவர்களெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். எனக்கு எட்டு வயதாக இருந்தபோதே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தின் கடைசி அறையில் அப்பாவும் நானும் இருந்தோம். அவர் பால் வெட்டுவார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்துவிட்டு நானும் அவர் பின்னால் போய், மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்து வைப்பேன். அப்பா அதிகம் பேசமாட்டார். காலையிலிருந்து மாலைவரை நாங்கள் பேசியதை எண்ணிவிடலாம்.

எனக்குக் கூட்டாளிகள் கிடையாது. லயத்துப் பையன்கள் கும்பலாக ஆற்றுக்குப் போவார்கள். என்னைக் கூப்பிடமாட்டார்கள். கைகாலெல்லாம் சிரங்கோடு திரிந்ததால் இருக்கலாம். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை என்று எழுதலாம். எழுதினால் பொய்.

தோட்டத்தில் ஒரு முறை இருந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால், நடந்து போகிறவன் சாலையை விட்டுக் கால்வாயில் இறங்கி நிற்கவேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்கவேண்டும். சைக்கிளில் வந்தால் இறங்கி, துரை கண்ணுக்கு மறையும்வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எல்லாருக்கும் தெரியும். அப்பா இதில் ஒருபோதும் தவறியதில்லை. துரையின் நாய் மட்டும் முன்னால் ஓடி வந்தாலும் அப்போதே இறங்கிவிடுவார்.

சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து ஒரு துணிக்காரர் வருவார். தமிழ் முஸ்லிம், இளவயது. சைக்கிளையும் மூட்டையையும் ரயிலில் ஏற்றிவந்து, சுங்கை சிப்புட்டிலிருந்து மிதித்துக்கொண்டே வருவார். அவர் லயத்து வாசலில் கைலிகளையும் சேலைகளையும் விரித்துப் பேரம் பேசி முடிக்கும்வரை சைக்கிள் சும்மா நிற்கும். மூட்டை தூக்க நான் கூடப் போவேன். அதற்குக் கூலி, சைக்கிளில் ஒரு சுற்று.

"அண்ணே, எடுத்துக்கவா?"

"எடுத்துக்கடா. வண்டி ஒடஞ்சுச்சுன்னா ஒன்ன வித்துத்தான் சரி பண்ணுவேன். அதுவும் எவன் வாங்குவான் இந்தச் செரங்கன?"

சைக்கிள் எனக்கு உயரம். கால்வாய்மேல் இருந்த சின்னப் பாலத்தின் கட்டையில் ஏறி, இருக்கையில் உட்கார்ந்து, உந்திக் கிளம்பிவிடுவேன். ஓட்ட வந்துவிட்டது. இறங்க மட்டும் வரவில்லை. பிரேக்கும் பேருக்குத்தான் இருந்தது. லயத்தைத் தாண்டிச் சாலை சரிந்து வளையும்; வளைவில் திரும்பாமல் நேரே போனால் ஆள் உயர லாலாங் புல். அந்தப் புல்லில் போய் மோதி விழுவேன். அதுதான் நான் இறங்கும் விதம். புல்லுக்குள் விழுவது யார் கண்ணிலும் படாது என்பதால் என் ரகசியம் எனக்குள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிக்காரர் எனக்கு ஒரு சிவப்புத் துண்டு கொடுத்தார். ஓரத்தில் சாயம் போயிருந்ததால் விலை போகாத துண்டு. அதைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சரிவில் வேகம் பிடித்த பிறகுதான் எதிரே பார்த்தேன். துரையும், இன்னொரு தோட்டத்திலிருந்து வந்த துரையும், கைத்தடிகளோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சாலையோரம் ஆட்களெல்லாம் கால்வாயில் இறங்கி நின்றிருந்தார்கள். ஒருவர் தலையிலும் துண்டு இல்லை.

இறங்கத் தெரியாது. கையை விட்டால் விழுந்துவிடுவேன், அதனால் துண்டையும் எடுக்க முடியாது. பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லெல்லாம் தெரிய, தலையில் சிவப்புத் துண்டோடு, இரண்டு துரைகளுக்கும் இடையில் புகுந்து போனேன். ஒருவர் துள்ளி விலகினார். பிறகு புல்லில் போய் விழுந்தேன். முழங்கை பிய்ந்தது. அங்கேயே வெகுநேரம் படுத்துக் கிடந்தேன்.

திரும்பி வந்தபோது லயத்துப் பையன்கள் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"டேய், தொரை மூஞ்சிக்கு நேராச் சிரிச்சியாமே!"

"துண்டக்கூட எடுக்கலையாம்டா. ராசா மாதிரி போனானாம்."

"பயமா இல்லையாடா ஒனக்கு?"

ஒருவன் என் தோள்மேல் கை போட்டான். அம்மா போன பிறகு என்மேல் யாரும் அப்படிக் கை போட்டதில்லை. "பயம் என்னடா பயம்," என்றேன். அன்று என்னையும் ஆற்றுக்குக் கூட்டிப் போனார்கள்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்த இடத்தில், கங்காணி அப்பாவை முன்னால் வரச் சொன்னார். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார். அப்பா கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏய்யா, புள்ளைய இப்பிடியா வளத்து வெச்சிருக்க? வந்த விருந்தாளி தொரைக்கு முன்னாடி என் தலைதானே குனிஞ்சுது?"

"என் தப்புதாங்கய்யா. தாயில்லாத புள்ள. நாந்தான் சொல்லிக் குடுக்கல."

"தாயில்ல சரி. அப்பனுமா இல்ல?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "மாட்டுக்கே மூக்கணாங்கயிறு போடுறோம். இவரு மவன அவுத்துல்ல விட்டிருக்காரு," என்று ஒரு பெண் குரல் கேட்டது. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. துரை சிரிக்காமல் தள்ளி நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் வரிசையின் கடைசியில் நின்றேன். இரண்டு அடி முன்னால் போய், "எனக்கு எறங்கத் தெரியாதுங்கய்யா" என்று சொல்லியிருந்தால், கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்திருக்கும். கங்காணி தலையில் ஒரு குட்டு வைத்து விட்டிருப்பார். ஆனால் முந்தைய நாள் என் தோள்மேல் கை போட்டவன் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் நகரவில்லை.

சமதரையில் லயத்துக்குப் பக்கமாக இருந்த மரங்களை அப்பாவிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அப்பாவை மலைமேல் இருந்த கிழட்டு மரங்களுக்கு அனுப்பினார்கள். ஏறுவதற்கே ஒரு மணி நேரம். அட்டைக் கடி. பால் வாளியோடு வழுக்குப் பாதையில் இறங்கவேண்டும். இரண்டு முறை சறுக்கிப் பாலைக் கொட்டினார். கூடப் போன நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அன்று மாலை அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டா எறங்கல?"

"எறங்கணும்னு தோணல."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்தேன். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேறு யாரையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மறுபடி ஊதினார்.

பையன்களின் சிநேகம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. என்னோடு சுற்றினால் தங்கள் வீட்டுக்கும் வம்பு வரும் என்று அவர்களுடைய தாய்தகப்பன்மார் தடுத்துவிட்டார்கள். பழையபடி தனியாக ஆனேன். உண்மையைச் சொல்ல நினைத்தேன். மலை ஏறும்போது நினைப்பேன், மேலே போனதும் சொல்லலாம் என்று. மேலே போனால் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இறங்கும்போது சொல்லலாம் என்று விட்டுவிடுவேன்.

இப்படியே நாலைந்து மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா துணிக்காரரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வந்து என் கைலியையும் சட்டையையும் அந்தச் சிவப்புத் துண்டில் கட்டினார்.

"நீ இங்க இருக்காத. யாருக்கும் எறங்காத ஆளுக்கு இது எடம் இல்ல. ஒடச்சிப் போட்டுருவானுங்க. ஈப்போவுக்குப் போ. துணிக்கார அண்ணன் பாத்துக்கிறேன்னாரு."

நான் அப்போதும் சொல்லியிருக்கலாம். துணிக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக என்னைப் பற்றி அவர் எதையோ முடிவாகத் தெரிந்துகொண்டது போல இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கெடுக்கத் துணிவும் இல்லை. கிளம்பிவிட்டேன்.

ஈப்போவில் துணிக்காரரோடு ஆறு மாதம் இருந்தேன். அவர் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியதும் வேலை தேடிக் கிளம்பினேன். ஜெலாப்பாங் பக்கம் ஒரு சீனரின் ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்தேன். ரோட்டு வேலையில் கல் உடைத்தேன். சித்தியவானில் மீன் கூடை தூக்கினேன். படுக்கக் கிடைத்த இடத்தில் படுத்தேன். காய்ச்சல் வந்தால் போகும்வரை கிடந்தேன். எங்கே போனாலும் யாருக்காவது விலகி நிற்க வேண்டியிருந்தது. சீன முதலாளியான தவுக்கேவுக்கு, மேஸ்திரிக்கு, போலீஸ்காரனுக்கு. நான் துண்டை எடுக்காத இடம் ஒன்றுகூட இல்லை. சைக்கிளில் ஏறவும் இறங்கவும் சித்தியவானில் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

நாலு வருடம் கழித்துத் தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் விலை ஏறியிருந்தது, புது ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். அப்பா இன்னும் மலை மரங்களில்தான் வெட்டிக்கொண்டிருந்தார். கடைசி அறையில் தனியாக இருந்தார். பக்கத்து அறையில் இருந்த அக்கா என்னைப் பார்த்ததும், "நீதானா அது? ஒங்கப்பா வாயத் தொறந்தா ஒம் பேச்சுதான். எம்மவன் எவனுக்கும் எறங்கமாட்டான், எறங்கமாட்டான்னு. புதுசா வந்த புள்ளைங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு," என்றாள்.

அப்பா வாயைத் திறந்து பேசுகிறார் என்பதே எனக்குச் செய்தியாக இருந்தது.

மாலையில் நானும் அவரும் கடைக்குப் போகச் சாலையில் நடந்தோம். அவர் கால் ஒன்றை இழுத்து இழுத்து வைத்தார். சித்தியவானில் மீன் எப்படி என்று கேட்டார். சொன்னேன். அப்போது வளைவில் மோட்டார் சத்தம் கேட்டது. துரை கார் வாங்கியிருந்தார்.

நான் யோசிக்கவே இல்லை. கால் தானாகக் கால்வாயில் இறங்கியது. கை தானாகத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தது. கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். அப்பா எனக்குப் பின்னால்தான் இறங்கியிருந்தார். அவரை முந்திக்கொண்டு நான் இறங்கியிருக்கிறேன். துண்டைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அன்னிக்கு?"

"அன்னிக்கு எனக்கு எறங்கத் தெரியாதுப்பா. ஓட்ட மட்டுந்தான் தெரியும்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கால்வாயிலிருந்து மேலே ஏறக் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தோம்.

"இப்பத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

கடை விளக்கு தெரிய ஆரம்பித்த இடத்தில் அவர் நின்றார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஒன்ன அனுப்பியிருக்க மாட்டேனே."

கடை வந்ததும் அவர் உள்ளே போய் அரிசியும் புகையிலையும் கேட்டார். நான் வாசலில் நின்றேன். திரும்பி வரும்போதும் அவர் துண்டைத் தலையில் கட்டவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் விடியற்காலையில் அவர் பெரட்டுக்குப் போனார். நான் சுங்கை சிப்புட்டுக்கு நடந்தேன்.