தார்ப்பாய் போட்டு மூடிய குலைகள்

வடுவூர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்காக எழுதத் தொடங்கிய கட்டுரை இது. பறவைகள் கொஞ்சமாகத்தான் வரும், மன்னிக்கவும். எழுதிப் பழக்கமும் இல்லை. நேரில் கேட்க வாய் வராததால் எழுதுகிறேன்.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்கு மன்னார்குடி பஸ் ஏறினேன். வடுவூர் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். முப்பது ரூபாய் சில்லறை வைத்துக்கொண்டால் போதும். ஏரியில் நீர்க்காகங்களும் தூரத்தில் சில நாரைகளும் இருந்தன. மேகம் இருட்டிக்கொண்டு வந்ததால் ஒன்பது மணிக்கே கிளம்பி, மன்னார்குடிப் பக்கம் இருக்கும் அத்தை ஊருக்குப் போய்விட்டேன்.

வழியெல்லாம் சம்பாப் பயிர். அத்தையின் ஒரு ஏக்கரில் மட்டும் பாமாயில் மரங்கள். அடுத்தவர் வயலில் நடவு நட்ட கூலியில் வாங்கிய நிலம் அது. நான்கு வருடத்துக்கு முன்பு ஓர் எண்ணெய் கம்பெனி கன்று கொடுத்து, பழத்தைத் தானே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வரப்பில் அவர்கள் நட்ட பலகை: ‘உழவரோடு வளரும் பசுமை.’

இதுதான் முதல் அறுவடை. லாரி வருமென்று கம்பெனி சொன்ன செவ்வாய்க்கிழமையே அத்தை குலைகளை வெட்டிவிட்டார். லாரி நான் போன சனிக்கிழமைதான் வந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டுக் காத்திருந்தே பழகியவர்கள் நாங்கள். அத்தையும் அப்படியே மூடி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்.

டிரைவர் தார்ப்பாயைத் தூக்கியதும் சூடும் புளித்த வாடையும் முகத்தில் அடித்தன.

“என்னக்கா, நெல்லுன்னு நெனச்சிட்டீங்களா? வெட்டுன மறுநாளே மில்லுக்குப் போயிடணும். இத எறக்க விடமாட்டாங்க.”

“அத நட்டப்பவே சொல்றதுக்கென்ன தம்பி? கன்னு குடுக்க கார்ல வந்தீங்க, பழம் எடுக்க மாட்டுவண்டியிலயா வந்தீங்க?”

“இந்தப் பக்கம் பூரா இந்த ஒத்த லாரிதாங்க்கா. நான் என்ன பண்ணட்டும்?”

“அடுத்து எப்ப வருவீங்க?”

“போன் பண்ணுவாங்க.”

காலி லாரி திரும்பிப் போனது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அத்தை என் கையிலிருந்த கைபேசியைச் சுட்டிக்காட்டினார். “அந்தக் கம்பெனிக்காரன் என்ன எழுதிவெச்சிருக்கான்னு படி புள்ள.”

இணையதளத்தில் சமூகப் பொறுப்பு என்று ஒரு பக்கமே இருந்தது. மண்வளம், உழவர் நலம் என்று படித்துத் தமிழில் சொன்னேன்.

“நம்மளப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்கான். லாரி எப்ப வரும்னு போட்டிருக்கானா?”

போடவில்லை.

“அடுத்த வெட்டும் இப்படிப் போச்சுன்னா மரத்தச் சாய்ச்சிட்டு நெல்லயே போட்டுடுவேன். நாலு வருஷம் போனது போனதுதான்.” மரத்தில் அடுத்த குலைகள் ஏற்கெனவே சிவந்திருந்தன.

வடுவூருக்குப் போவதென்றால் டிசம்பர், ஜனவரி நல்லது. குடை அவசியம். ஏரிக்கரையில் நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள்.

இனி, எழுத வந்த விஷயம். கம்பெனிகளுக்கு அந்த மாதிரி இணையப் பக்கங்களை எழுதுகிற வேலையில் உங்களில் யாராவது இருந்தால், இன்னொரு வரி சேருங்கள்: லாரி வரும் கிழமை. அந்தக் கிழமையில் லாரியையும் அனுப்பிவையுங்கள்.