மூன்றடி உயரத்தில் ஒரு படம்

போன வாரம் வட்ஸ்அப்பில் நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். நாலு நிமிடம், பதினேழு வினாடி. சமையலுக்கிடையில் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, மூன்று முறை பேசிப் பார்த்து அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்.

விஷயம் இதுதான். மகள் மயூரி போகும் முன்பள்ளியின் வாசல் கேற், துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் திரும்புகிற வளைவில் இருக்கிறது. பின்பக்க ஒழுங்கையில் இன்னொரு கேற் உண்டு, பூட்டியே கிடக்கும். அதைத் திறக்கலாமா என்று பெற்றோர் குழுவில் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு கேட்டிருந்தார்கள். ஒழுங்கைக்குள் ஓட்டோ வராது, நடக்க வேண்டும். அதனால் பலருக்கு விருப்பமில்லை. நானோ ஒவ்வொரு காலையும் அந்த வளைவில் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்தில் நான் பேச்சுப் போட்டிக்காரி. முதலில் சபை வணக்கம். பிறகு அவையடக்கம் — சிறியவள் நான், பிழை பொறுத்தருள்க என்று பணிந்துகொள்வது. அதற்குப் பிறகுதான் பொருள். பழக்கம் விடுமா? "எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, தவறாகச் சொன்னால் மன்னிக்க வேணும்" என்றுதான் தொடங்கினேன்.

எல்லோரும் பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக்குகள் விழுந்தன. குழு முழுவதும் மத்தியானக் குடாக்கடல்போல அசையாமல் கிடந்தது...

கடைசியில் ஒருவர் எழுதினார்: "மயூரிட அம்மா, தெரியாட்டி தெரிஞ்ச ஆக்களிட்ட விடுங்கோவன்."

கீழே நாலு சிரிப்பு முகங்கள்.

மறுநாள் காலை, கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் மகனைக் கொண்டுவந்து விடும் சிபானாவை கேற்றடியில் பிடித்தேன்.

"நீங்களாவது கேட்டனீங்களா?"

"கேட்டன். ரெண்டு மடங்கு ஸ்பீட்ல." சிரித்தாள். "நீங்க மன்னிப்புக் கேக்கிற இடத்திலயே எங்கட ஊட்டுக்காரர் ஓஃப் பண்ணிட்டாரு. அந்தப் புள்ள என்ன குத்தம் செஞ்ச எண்டு கேக்காரு!"

"பகிடி விடாதேங்கோ சிபானா. எனக்கு நித்திரையே வருகுதில்ல."

"அப்ப ஒண்டு சொல்றன். ஆருக்கும் நாலு நிமிசம் இல்ல. காட்டுங்க, பார்ப்பாங்க."

எதைக் காட்டுவது? அவள் போய்விட்டாள். உப்புக் காற்று முகத்தில் மெல்லப் படிந்தது. எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அந்த ஒலி தீரும்வரை உலகமே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் மெதுவாகிவிட்டது. மகளின் சப்பாத்து நாடா அவிழ்ந்திருப்பதைக் கண்டு முழங்காலிட்டுக் கட்டினேன். தலை தூக்கினால்...

வீதி இல்லை. வானம் இல்லை. டிரைவரின் முகமும் இல்லை. ஒரு டயர் மட்டும், என் முகத்தளவு உயரத்தில், மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த உயரத்திலேயே போனைப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். வணக்கமும் இல்லை, விளக்கமும் இல்லை. அனுப்பினேன்.

மேடையில் நாம் பணிந்து நின்றது எதற்காக? கேட்பவர் நம் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும் என்பதற்காகத்தானே. இப்போது கமராவைத் தாழ்த்துகிறோம் — வித்தியாசம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

"இது எங்க எடுத்தது?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்கட கேற்றடியிலயா?"

"பிள்ளைகளுக்கு இதுதானே தெரியும்..."

சிரிப்பு முகம் போட்டவர்களும் ஓம், திறப்போம் என்றார்கள். வியாழன் பின்னேரத்துக்குள் ஒழுங்கைக் கேற் வென்றுவிட்டது.

திங்கட்கிழமை அதன் வழியாக நடந்தோம். வேலியோரம் வெயில் இன்னும் ஏறவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது... ஆனாலும் மனம் சும்மா இருக்குமா? பயம் காட்டித்தானே வென்றாய் என்றது. பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன்.

"அம்மா, லொறி மாமா இண்டைக்கு வரமாட்டாரா?" என்று மகள் கேட்டாள்.

அந்தப் படத்தை நான் எடுத்தபோது, அதற்குள் அகப்படாமல், என் தோளைப் பிடித்தபடி அவள் லொறிக்கு டாட்டா காட்டிக்கொண்டு நின்றதை நான் குழுவில் சொல்லவில்லை.