வால் முளைத்த பெட்டி எண்

எங்கள் வண்டி உதிரிபாகக் கிடங்கில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர் பார்த்தவனுக்கு ‘அச்சு அசல்’ என்று பட்டப்பெயர். வைத்தவன் நான். கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுப்பான். இம்மி கூடாது, குறையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு ஒரு கும்பிடு போட்டு, மூட்டை தூக்கி, நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வந்தவன் நான். ஆளை எடைபோட எனக்குத் தராசு வேண்டாம்.

விற்ற பெட்டி திரும்பி வந்தால், அதன் பேட்ச் எண்ணோடு ஒரு ‘தி’ சேர்த்துப் பெட்டியில் முத்திரை குத்தி, கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும் என்பதும் என் ஏற்பாடுதான். பெரிய கம்பெனிக்காரனுக்கே தோன்றாத யோசனை.

ஒருநாள் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. 714ஆம் பேட்ச் பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் குழாய், வெடிக்கிறது, உடனே விற்பனையை நிறுத்துங்கள் என்று. அச்சு அசல் என் முன்னால் வந்து நின்றான். இரண்டு விதமாகத் தேடலாமாம். அப்படியே 714 என்று இருப்பதை மட்டும் கேட்டால் நொடியில் வரும். ‘தி’ வால் முளைத்தது ஒன்றும் வராது; திரும்பி வந்ததை ஏற்றிய பையன்கள் வாலை ஆளுக்கொரு விதமாகத் தட்டியிருப்பதால் அதைத் தனியாகக் கேட்கவும் முடியாது. 714 என்று தொடங்குவதையெல்லாம் கேட்டால் வாலுள்ளதும் வரும். கூடவே 7140, 7145 என்று சம்பந்தமில்லாததும் வரும். அரை நாள் கடையை மூடிப் பெட்டி பெட்டியாகப் பார்க்க வேண்டும்.

வாசலில் மூன்று லாரி சரக்குக்குக் காத்திருந்தது.

“714ன்னா 714தான். எனக்கே பாடம் எடுக்கிறியா? அதை மட்டும் எடு.”

“திரும்பி வந்த பெட்டி இருக்கலாம், முதலாளி.”

“இருந்தா நான் பாத்துக்கறேன், போ.”

முப்பத்தாறு பெட்டி கிடைத்தது, ஒதுக்கினோம். பன்னிரண்டாம் நாள் ஒரு பால் வேன் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதி, டிரைவருக்கு முழங்காலோடு கால் போயிற்று. ஹோஸ் வந்த பெட்டியில் 714தி என்று என் முத்திரை.

தேடியது யார் என்று விசாரணை அதிகாரி கேட்டார். நான் அவனைக் காட்டினேன். பொய்யில்லையே.

“நான்தான் சார் தேடினேன். அப்படித் தேடச் சொன்னது யாருன்னு முதலாளியே சொல்லட்டும்.”

நான் வாய் திறக்கவில்லை. அதிகாரி, ஊழியரின் அலட்சியம் என்று எழுதிக்கொண்டு போனார். மாலையிலேயே அவனை வேலையிலிருந்து நிறுத்தினேன்.

மறுமாதம் அவன் மனைவி வந்தாள். கடைத்தெருவில் யாரும் அவனைச் சேர்ப்பதில்லையாம்.

“அவர் மேல தப்பில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா. போதும்.”

குமாஸ்தா எழுதியும் வைத்தான். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைப் போட்டால் அந்த நாற்பது பேர் முன்னால் நான் யார் என்று யோசித்தேன். பேனாவை மூடிவிட்டேன்.

இப்போது அவன் பேருந்து நிலையத்தில் பார்சல் ஏற்றுகிறான். என் காரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுகூட இல்லை.